ஷாட் சார்!

எங்கள் கிளப்பில் கலீமுல்லாவிடம் தோற்ற ஆளே கிடையாது. ராஜா அண்ணாமலைபுரத்தில், ஆற்றுப் பக்கம் திரும்புகிற தெருவில், நாலு மண் தரை டென்னிஸ் கோர்ட்டும் ஒரு கேன்டீனும் உள்ள கிளப் அது. வக்கீல், ஆடிட்டர், இருதய டாக்டர், ரிடையரான அதிகாரி என்று எல்லோரும் விடிந்ததும் வெள்ளை டிராயர் போட்டுக்கொண்டு வந்து, கலீமுல்லாவை ஜெயித்து, வேர்த்து வழிந்து, காபி குடித்துவிட்டு மிதப்பாக வேலைக்குப் போவார்கள். நானும் ஜெயித்திருக்கிறேன். நான் ஸ்ரீரஞ்சனி, பல் டாக்டர், லஸ் பக்கம் கிளினிக். பள்ளிக்கூடத்தில் த்ரோபால் டீமில்கூட என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அப்படிப்பட்ட நான் அவரை ஆறு-நாலு என்று ஜெயித்தேன் என்றால் விஷயம் உங்களுக்கே புரியும்.

அவர் எங்கள் கிளப்பின் மார்க்கர். பெயருக்கு ஸ்கோர் எண்ணுகிறவர்; உண்மையில், ஜோடி கிடைக்காத மெம்பர்களோடு ஆடுவதற்காகச் சம்பளத்துக்கு வைத்திருக்கிற ஆட்டக்காரர். மார்க்கரின் வேலை நன்றாக ஆடுவதல்ல. தான் நன்றாக ஆடினோம் என்று மெம்பர் நினைத்துக்கொள்ளும்படி ஆடுவது. இடுப்பு உயரத்தில், மட்டைக்கு நேராக, 'என்னை அடியேன்' என்று கெஞ்சுகிற மாதிரி ஒரு பந்து வரும். அடிப்போம். கோட்டோரம் போய் விழும். கலீமுல்லா இரண்டடி ஓடி, எட்டாததுபோல் நின்று, தலையை ஆட்டி, "ஷாட் சார்!" என்பார். எனக்கு, "ஷாட் மேடம்!" காதில் தேன் வந்து பாய்கிற மாதிரி இருக்கும். அந்த ஒரு சொல்லைக் கேட்டால் அன்றைக்குக் கடைவாய்ப் பல் பிடுங்குவதுகூட எனக்குச் சுலபமாக இருக்கும்.

இதற்கு எங்கள் கிளப்பில் பந்தைப் போட்டுக் கொடுப்பது என்று பெயர். ஒருவரை இன்னொருவரிடம் மாட்டிவிடுவதற்கும் தமிழில் அதே சொல்தான் இருக்கிறது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கலீமுல்லாவுக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும். கச்சேரி ரோடு மசூதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. சைக்கிளில் வருவார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆட்டம் இல்லாத நேரத்திலும் மட்டையை உள்ளங்கையில் தட்டிக்கொண்டு, வலையின் உயரத்தை அளந்துகொண்டு, கோடுகளுக்குச் சுண்ணாம்பு போட்டுக்கொண்டு, ஏதாவது செய்துகொண்டே இருப்பார். "கொஞ்சம் உக்காருங்களேன் பாய்" என்றால், "உக்காந்தா காலு கொடையுது மேடம்" என்பார். எங்கள் எல்லோருக்கும் அவர் பாய். அவருடைய ஆங்கிலம் நாலே வாக்கியம்: யெஸ் சார், நோ சார், சாரி சார், ஷாட் சார். எங்களோடு காலம் தள்ள அது போதுமானதாக இருந்தது.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் மார்ச் மாதம் யூர்கன் ப்ராண்ட்னர் வந்தார்.

ஜெர்மன்காரர். பேரைச் சொன்னால் டென்னிஸ் பைத்தியங்களுக்கு மட்டும் லேசாக நினைவு வரக்கூடிய ரகம். பத்தொன்பது வயதில் சொந்த ஊரில் நடந்த பெரிய போட்டியில் உலகத்தின் முதல் பத்துப் பேரில் ஒருவரைத் தோற்கடித்தாராம். மறுநாள் அந்த ஊர்ப் பேப்பரில் முழுப் பக்கப் படம். அதற்குப் பிறகு நாலைந்து வருஷம் பெரிய மைதானங்கள், விமானத்தில் முன்வரிசை சீட்டு. பிறகு வலது முட்டி. ஆபரேஷன், மறுபடி முட்டி, மறுபடி ஆபரேஷன். இப்போது முப்பத்தொரு வயதில், பெரிய ஆட்டக்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு சின்னப் போட்டிக்காகச் சென்னைக்கு வந்து, முதல் சுற்றிலேயே ஒரு பதினேழு வயதுப் பையனிடம் தோற்றுவிட்டார். அடுத்த போட்டி வேறு ஊரில், இரண்டு வாரம் கழித்து. அதுவரை அடையாறில் தெரிந்த ஜெர்மன் இன்ஜினியர் வீட்டில் தங்கிக்கொண்டு, பயிற்சிக்கு எங்கள் கிளப்புக்கு வந்தார்.

எனக்கு அவர் முதலில் அறிமுகமானது வாய் வழியாகத்தான். பல்வலி என்று கிளப் செயலாளர் என்னிடம் அனுப்பிவைத்தார். வாயைத் திறக்கச் சொன்னேன். கடைவாய்ப் பற்கள் எல்லாம் தேய்ந்து மொழுக்கென்று இருந்தன. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிற ஆள்.

"ராத்திரி என்ன கனவு வருகிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"கனவு வருவதற்குத் தூங்க வேண்டுமே" என்றார். பிறகு அவராகவே சொன்னார்: "ஒவ்வொரு வருஷமும் நான் ஆடுகிற மைதானம் சின்னதாகிக்கொண்டே போகிறது டாக்டர். கோர்ட் மட்டும் அதே அளவுதான். ஓடித்தான் ஆக வேண்டியிருக்கிறது."

எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. கலீமுல்லாவோடு பயிற்சி செய்யட்டும், இரண்டு பேருக்கும் நடுவில் நான் மொழிபெயர்க்கிறேன் என்று நானே போய் நின்றேன். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொள்வது எங்கள் ஆத்து வழக்கம்.

முதல் நாள் ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. யூர்கன் மட்டையைத் தரையில் ஓங்கி அடித்துவிட்டு வலைக்கு வந்தார்.

"இவர் ஏன் என்னிடமே அடித்துக்கொண்டிருக்கிறார்? நான் இல்லாத இடத்தில் அடிக்கச் சொல்லுங்கள்!"

நான் சொன்னேன்: "பாய், அவர் இல்லாத எடத்துல அடிக்கணுமாம்."

கலீமுல்லா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அவுரு இல்லாத எடத்துலயா? அப்பால அவுரு எப்பிடி மேடம் அடிப்பாரு?"

"அடிக்கக் கூடாதுன்னுதான் சொல்றார்."

"இன்னா மேடம் இது, வம்பாக் கீது" என்று முணுமுணுத்துக்கொண்டு போனார். ஆனால் முடியவில்லை. இடதுபக்கம் காலியாகக் கிடக்கும். இவர் வலதுபக்கம் அடிப்பார். கை தானாக யூர்கனின் மட்டையைத் தேடிக்கொண்டு போகும். யூர்கன் கத்துவார், இவர் "சாரி சார்" என்பார், மறுபடி அதே. இரண்டு நாள் இப்படியே போயிற்று. எனக்கே தலைவலி வந்துவிட்டது.

மூன்றாம் நாள் ஒரு பந்து போயிற்று பாருங்கள். கோட்டை உரசிக்கொண்டு, தாழ்வாக, சாட்டை வீசினாற்போல். யூர்கன் பாய்ந்தார், எட்டவில்லை, மண்ணில் குப்புற விழுந்தார். கலீமுல்லா கொலை செய்துவிட்டவர் மாதிரி நடுங்கிக்கொண்டு "சாரி சார்! சாரி சார்!" என்று ஓடினார். யூர்கனோ படுத்தபடியே கையைத் தூக்கி, "யா! யா!" என்று கத்தினார். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவர் முகத்தில் அதுவரை பார்க்கவில்லை. கலீமுல்லா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவருக்குப் பேய் பிடித்துவிட்டது. பேய் என்றால் நல்ல பேய்தான். சைக்கிளை ஸ்டாண்டுகூடப் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு கோர்ட்டுக்கு ஓடுவார். முட்டி போன யூர்கன் முக்கால் வேகத்தில்தான் ஆடினார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் அவருக்கு ஈடுகொடுத்து, அவரைக் கோர்ட் முழுக்க ஓட வைக்கிற ஒரு ஆட்டம் இந்த மனிதருக்குள் இத்தனை வருஷமாக எங்கே இருந்தது? நாங்கள் எல்லோரும் அதன் மேல் ஏறி உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

பேய் மெம்பர்களையும் விடவில்லை. கருணாகரன் என்று ஒரு ஆடிட்டர். வாரத்தில் ஐந்து நாள் கலீமுல்லாவை ஜெயிக்கிறவர். அந்த வாரம் ஆறு-ஒன்று என்று தோற்றார். கலீமுல்லா வேண்டுமென்று செய்யவில்லை, கை மறந்துவிட்டது, அவ்வளவுதான். கருணாகரன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, நிஜமான கவலையோடு கேட்டார்: "என்ன பாய், உடம்பு கிடம்பு சரியில்லையா?"

சிரித்ததில் எனக்குப் புரைக்கேறியது. கருணாகரன் சிரிக்கவில்லை.

பத்தாம் நாளோ என்னவோ, கேன்டீனில் யூர்கன் என்னை உட்கார வைத்து ஒரு விஷயம் சொன்னார். அவருடைய கோச் போன வருஷமே விலகிவிட்டார். இன்னும் ஒரே ஒரு வருஷம் முழு மூச்சாக ஆடிப் பார்க்கப் போகிறார். கூடவே வந்து தினமும் அடிக்க ஒரு ஆள் வேண்டும். "எங்கள் ஊரில் எல்லோருக்கும் என் மேல் பிரியம். என் முட்டியைப் பார்த்து அடிக்கிறார்கள். பிரியமே இல்லாமல் அடிக்கிற ஆள் எனக்கு வேண்டும். கலீம் வருவாரா?"

நான் தமிழில் சொல்லி முடித்தேன். கலீமுல்லா முதல்முறையாக உட்கார்ந்தார். உடனே எழுந்தும் விட்டார்.

"ஜெர்மனிக்கா? நானா மேடம்?"

"ஒரு நிபந்தனை" என்றார் யூர்கன். "சனிக்கிழமை நான் கிளம்புவதற்கு முன்னால் ஒரு செட் ஆடுவோம். ஜெயிக்க வேண்டாம். ஆனால் ஒரு பந்தைக்கூட எனக்காக அடிக்கக் கூடாது. அப்படி ஆடினால், ஊருக்குப் போனதும் விசாவுக்கு வேண்டியதெல்லாம் அனுப்புகிறேன்."

"யெஸ் சார்" என்றார் கலீமுல்லா.

மறுநாள் அவர் மனைவி நஸ்ருன்னிசா என் கிளினிக்குக்கு வந்தார். பல்லில் ஒன்றுமில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, "நெசமாலுமா மேடம்? இவுரு சொல்றத நம்ப முடியல. ராவெல்லாம் பொரண்டுக்கினே கீறாரு. தூக்கத்துல கையை வீசி என் மூக்குல ஒண்ணு வுட்டாரு" என்றார். நெசம்தான் என்றேன். பையிலிருந்து ஒரு ஸ்வெட்டரை எடுத்துக் காட்டினார். சென்ட்ரல் பக்கத்தில் திபெத்துக்காரர்கள் போட்டிருக்கும் கடையில் வாங்கினாராம். கழுத்து வரை மூடுகிற, கறுப்பும் சிவப்புமான, கம்பளிப் போர்வை கனத்துக்கு ஒரு ஸ்வெட்டர். வெளியே வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது.

"இது அந்த ஊர் குளுருக்குத் தாங்குமா மேடம்?"

தாங்கும் என்றேன். எனக்கு ஜெர்மனிக் குளிரைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் அந்த முகத்தைப் பார்த்து வேறு என்ன சொல்ல முடியும்?

சனிக்கிழமை காலை கிளப்பே கூடிவிட்டது. ஆடாதவர்கள்கூட வந்திருந்தார்கள். கருணாகரன் முன்வரிசையில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வலைக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றேன். என் பல் டாக்டர் பரீட்சைக்குக்கூட நான் அவ்வளவு பயந்ததில்லை.

கலீமுல்லா ஆடினார். அய்யோ, என்னமாய் ஆடினார்! மூலைக்கு மூலை இழுத்தார், வலைக்கு வரவழைத்துத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டார். முட்டியைப் பார்க்கவே இல்லை. யூர்கன் உறுமிக்கொண்டே திருப்பி அடித்தார். ஒரு பந்துக்குக்கூடப் பேச்சு மூச்சில்லை. "ஷாட்" இல்லை, "சாரி" இல்லை. ஐந்துக்கு ஐந்து என்று வந்து நின்றது.

அடுத்த கேமை எடுக்கக் கலீமுல்லாவுக்கு இன்னும் ஒரே ஒரு பாயின்ட் தேவை. நீளமாக ஓடிக்கொண்டிருந்த ஆட்டத்தில் யூர்கன் சட்டென்று திரும்பினார். வலது முட்டி மடங்கியது. கீழே விழவில்லை. ஒற்றைக் காலில், கோர்ட்டின் ஒரு ஓரத்தில், கொக்கு மாதிரி தள்ளாடிக்கொண்டு நின்றார். அவர் அடித்த பந்து உயரமாக, மெதுவாக, கலீமுல்லாவுக்கு முன்னால் இறங்கியது. எதிரே கோர்ட் முழுவதும் காலி. எங்கே அடித்தாலும் பாயின்ட். நான் அடித்தாலே பாயின்ட்!

கலீமுல்லா அடித்தார். பந்து யூர்கனின் மட்டைக்கு நேராக, இடுப்பு உயரத்தில், அழகாகப் போயிற்று. யூர்கன் நின்ற நிலையிலேயே வீசினார். கோட்டோரம் விழுந்தது. கலீமுல்லா இரண்டடி ஓடி, நின்று, தலையை ஆட்டினார்.

"ஷாட் சார்!"

அந்தக் குரலை, அந்த இரண்டடி ஓட்டத்தை, அந்தத் தலையாட்டலை நாங்கள் ஒவ்வொருவரும் ஆயிரம் முறை வாங்கியிருக்கிறோம். மெம்பர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார்கள். இருதய டாக்டர் ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்தார். யூர்கனுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. நொண்டிக் காலோடு அடித்த அந்த அடியில் அவருக்கு உயிரே திரும்பி வந்துவிட்டது. முஷ்டியை உயர்த்தினார். அடுத்த பாயின்டும் அவருக்கு, கேமும் அவருக்கு, ஏழு-ஐந்து என்று செட்டும் அவருக்கு. ஓடி வந்து கலீமுல்லாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"ஜூன் மாதம்! தயாராக இருக்கச் சொல்லுங்கள் டாக்டர்!"

தப்பித்தோம் என்று நினைத்தேன். நஸ்ருன்னிசாவின் ஸ்வெட்டர் கண்ணுக்கு முன்னால் வந்தது. யாரும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. பதினைந்து நிமிஷம் எல்லோரும் சும்மா இருந்தால் யூர்கன் காரில் ஏறிப் போய்விடுவார்.

கேன்டீனில் கருணாகரன் எழுந்து வந்து யூர்கனுக்குக் கை கொடுத்தார். நல்ல கான்வென்ட் ஆங்கிலம். "எங்கள் மார்க்கர் எப்படி? அந்த ஐந்துக்கு ஐந்தில் அவர் போட்டுக் கொடுத்த பந்து, ஆகா! உங்களுக்கே தெரியாமல் செய்தார் பாருங்கள், அதுதான் இந்தியா முழுக்கத் தேடினாலும் கிடைக்காத கலை. எங்களுக்கெல்லாம் தினமும் இப்படித்தான் போட்டுக் கொடுப்பார்."

பெருமையாகச் சொன்னாரா, ஆறு-ஒன்று வயிற்றெரிச்சலில் சொன்னாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. பந்தை ஒருவர் போட்டுக் கொடுத்தார், ஆளை இன்னொருவர் போட்டுக் கொடுத்தார். என் கையிலிருந்த டம்ளர் காபியை அவர் தலையில் கவிழ்க்காமல் விட்டது எனக்கு இன்னமும் ஆறவில்லை.

யூர்கன் சிரித்த முகத்தோடுதான் திரும்பினார். "அப்படியா கலீம்? அந்தப் பந்து எனக்காக அடித்ததா?"

அவர் முடிப்பதற்குள் நான் வாயைத் திறந்தேன். தமிழில் வேறு ஏதாவது கேட்டு, ஆங்கிலத்தில் வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம். ஆனால் 'கலீம்' என்று ஒரு சார் கூப்பிட்டுக் கேள்வி கேட்டால் கலீமுல்லாவுக்கு ஒரே பதில்தான் வரும்.

"யெஸ் சார்."

பிறகுதான் என்னைப் பார்த்தார். "மேடம், வேணும்னு இல்ல மேடம். அவுரு நொண்டிக்கினு நின்னாரா, கை குடுத்துட்சி. நான் இல்ல, கை. சொல்லுங்க மேடம்."

சொன்னேன். யூர்கன் கலீமுல்லாவின் கையைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கோபமே இல்லை.

"எனக்குத் தெரியவில்லை டாக்டர்" என்றார். "முதல் நாள் ஐந்து நிமிஷத்தில் தெரிந்தது. இன்றைக்குத் தெரியவில்லை. என் அடி என்று நினைத்துவிட்டேன்." சுற்றி நின்ற வெள்ளை டிராயர்களையும் தொப்பைகளையும் ஒரு முறை பார்த்தார். "ஆக, நானும் இந்த கிளப்பில் மெம்பர் ஆகிவிட்டேன்."

கலீமுல்லாவின் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு நொண்டிக்கொண்டே காருக்குப் போனார். ஜூனைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஏன் பாய், நோ சார்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கப்படாதா?" என்று சண்டைக்குப் போனேன்.

"யெஸ் சார் எப்பவுமே தொண்டையில நிக்காது மேடம்" என்றார். மட்டையை உள்ளங்கையில் தட்டிக்கொண்டே இருந்தார்.

ஜூன் வந்தது, போயிற்று. கலீமுல்லா வழக்கம்போல வந்தார், ஆடினார், தோற்றார். கை பழைய வழிக்குத் திரும்பிவிட்டது. ஆனால் ஒன்று மட்டும் மாறியிருந்தது. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவர் யாருக்கும் "ஷாட்" சொல்லவில்லை. மெம்பர் அடிப்பார், பந்து கோட்டோரம் விழும், மெம்பர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். கலீமுல்லா பேசாமல் அடுத்த பந்தை எடுப்பார். கருணாகரன் செயலாளரிடம் புகார்கூடச் செய்தார். பாய்க்குத் திமிர் ஏறிவிட்டது என்றார்கள். எனக்குத் தெரியும், திமிர் இல்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் கோர்ட்டின் நடுவிலிருந்து அவர் தலை வாசல் பக்கம் திரும்பும். அந்தச் சொல்லை விட்டுவிட்டதாக ஜெர்மனியில் ஒருவருக்கு எப்படியாவது தெரிந்துவிடும் என்பதுபோல அவர் அதைப் பிடிவாதமாக அடக்கிக்கொண்டிருந்தார்.

"பீரோவுல அப்பிடியே வெச்சிருக்கேன் மேடம்" என்றார் நஸ்ருன்னிசா ஒரு தடவை, ஸ்வெட்டரைப் பற்றி. "அந்துருண்டை போட்டு."

மழைக்காலம் முடிந்து மார்கழி பிறந்தது. ஒரு நாள் கிளினிக்கில் பேஷன்ட்டுக்காகக் காத்திருந்தபோது ஆங்கிலப் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தில், கீழ் மூலையில், நாலு வரி பார்த்தேன். ஜெர்மனியின் முன்னாள் நட்சத்திர வீரர் யூர்கன் ப்ராண்ட்னர் ஓய்வு பெறுகிறார். மார்ச்சுக்குப் பிறகு அவர் எந்தப் போட்டியிலும் ஆடவில்லை. காரணம், முட்டிக் காயம்.

மறைப்பது பாவம் என்று தோன்றியது. சாயங்காலம் கிளப்புக்குப் போய், கோடு போட்டுக்கொண்டிருந்த கலீமுல்லாவிடம் தமிழில் படித்துக் காட்டினேன். சுண்ணாம்பு டப்பாவைக் கீழே வைத்தார்.

"முட்டின்னா போட்டுக் கீது?"

"ஆமாம்."

"முட்டி இல்ல மேடம்" என்றார். "முட்டியோடதான் அவுரு நல்லா ஆடிக்கினு இருந்தாரு. என் கைதான்."

அப்படியெல்லாம் இல்லை பாய், அவர் காலம் முடிந்துவிட்டது, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று நான் என்னென்னவோ சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டாரா என்று தெரியவில்லை. மீதிக் கோட்டைப் போட்டு முடித்தார். கோணாமல் நேராகத்தான் இருந்தது.

மறுநாள் காலை பனி இறங்கியிருந்தது. குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு இருதய டாக்டர் வந்தார். கலீமுல்லா சைக்கிளில் வந்து இறங்கினார். உடம்பில் அந்தக் கறுப்பும் சிவப்புமான ஸ்வெட்டர். அந்துருண்டை வாசனை நான் இருந்த இடம் வரை அடித்தது. கழுத்தில் வேர்வை. அதைக் கழற்றி, மடிக்காமல், வலைக் கம்பத்தின் மேல் போட்டார்.

"என்ன பாய், ஸ்வெட்டர் ஃபாரின் மாதிரி இருக்கே?" என்றார் கருணாகரன்.

"சென்ட்ரல்ல வாங்கினது சார்."

நான் ஷூ போட பெஞ்சில் குனிந்தேன். நாலைந்து பந்து போய்வருகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு நல்ல அடி. அதற்குப் பின்னால், ஒன்பது மாதம் கழித்து, கோர்ட்டுக்கு வெளியே தெரு முனை வரை கேட்கிற மாதிரி, தேவைக்கு மேல் பலமாக அந்தக் குரல் வந்தது.

"ஷாட் சார்!"

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. கருணாகரன் சந்தோஷமாகச் சிரிப்பது கேட்டது.